கோலும் காரணமும்

ஒருவர் ஏவப் பலர் தொழில் செய்தல் உலகியல். முடியுடை மன்னர் இன்று நம் நாட்டில் இலர். எனினும் கோல் பற்றிய கைகள் குறைந்தில. ஆலையின் மேற்பார்வையாளர், அலுவலகத் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், கட்டட வேலையின் மேஸ்திரி, கடை முதலாளி, வயலில் ஆட்களை நடத்தும் பண்ணைக்காரர் ஆகிய இவரெல்லாம் தத்தம் எல்லைக்குள் சிற்றரசரே ஆவர். காலந் தாழ்த்து வந்தவரை என்செய்வது, செய்பொருள் பழுதுபட்டால் யாரைக் கேட்பது, இருவர் பிணங்கினால் எவர் பக்கம் நிற்பது என்னும் வழக்குகள் நாள்தோறும் இவர்முன் வருகின்றன. இவை சிறிய வழக்குகள், நீதிமன்றம் ஏறாதன, மாலைக்குள் மறக்கப்படுவன. ஆயினும் இவற்றிற் பிழைபட்ட தீர்ப்பால் ஓர் உள்ளத்திற் படும் புண் சிறிதென்று கூற எவர்க்கும் இயலாது.

பதி பசு பாசம் என்னும் முப்பொருளை ஆராயும் இவ்விதழில், தொழிற்களத்துச் சில்லறை வழக்குகட்கு இடம் ஏது எனச் சிலர் வினவுவர். ஆணவம் என்பது ஏட்டில் மட்டும் கிடக்கும் ஒரு சொல்லாயின் அவ்வினா பொருந்தும். அஃது உயிரை அநாதியே பற்றி நிற்கும் மலம் என்பது நம் கொள்கை. அம்மலம் தன் உருவை நன்கு காட்டும் இடம் யாது? திருக்கோயிலில் நாம் கைகுவித்து நிற்குமிடம் அன்று. நமக்குக் கீழ்ப்பட்டார் ஒருவர் பிழை செய்து நம்முன் தலைகவிழ்ந்து நிற்குமிடமே அது. ஆதலின் இவ்வாராய்ச்சி சித்தாந்தத்திற்குப் புறம்பானதன்று என்க.

மதுரைக்கு வடகிழக்கே, திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது மேலூர். மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்று நீரை, பென்னிகுவிக் என்னும் பொறியாளர் 1895ஆம் ஆண்டில் முடித்த அணையால் மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப, அந்நீர் வையையில் இறங்கிப் பேரணையிற் பிரிந்து, பெருங்கால்வாய் வழியே இப்பக்கத்து வயல்களை அடைகின்றது. நீர் வந்தவிடத்து நெல் பெருகிற்று. நெல் பெருகியவிடத்து அரவை ஆலைகள் எழுந்தன. இவ்வூர்க்கு அணித்தே உள்ளது மணிவாசகப் பெருமான் தோன்றிய திருவாதவூர். நெல் அரவையையும் அடிகளையும் ஓரிடத்தே ஏன் கூறினோம் என்பது பின்னர் விளங்கும்.

பல்லாண்டுகட்கு முன்னர் யாம் இப்பக்கத்து நெல் ஆலை ஒன்றிற் கணக்கும் மேற்பார்வையும் பார்த்து வந்தோம். அறுவடைக் காலத்து ஒருநாள் அரைத்த அரிசியில் நொய் மிகுதியாக விழுந்தது. கொள்வோர் அனுப்பிய லாரி வாயிலில் நின்றது. எமக்குச் சினம் மூண்டது. அரவை இயந்திரத்தை ஓட்டியவர் எம்மினும் மூத்தவர். இருபதாண்டு அத்தொழிலிற் பழகியவர். அவரைப் பலர் முன்னிலையில் அழைத்துக் கடுஞ்சொற் கூறி, அரைநாட் கூலியையும் பிடித்தம் செய்தோம். அவர், "ஐயா, பிழை என் கையில் இருந்தால் கூலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னே ஒரு பிடி நெல்லை உரித்துப் பாருங்கள்," என்றார். அதனை எதிர்ப்பேச்சு என்றே அன்று எண்ணினோம்.

அன்று மாலை, களத்தில் நெல் உலர்த்தும் முதியவள் ஒருத்தி எம்மிடம் வந்து, உள்ளங்கையில் நெல்லை வைத்து நகத்தால் உமி நீக்கிக் காட்டினாள். அரிசியின் குறுக்கே மயிரிழை போன்ற கீறல் ஓடிற்று. "தம்பி, இது இயந்திரத்தில் உடைந்தது இல்லை, களத்திலேயே உடைந்துவிட்டது," என்றாள். அவித்த நெல்லை வெயிலிற் பரப்பி, பாதி உலர்ந்ததும் குவித்து மூடி, உள்ளீரமும் புறவெப்பமும் ஒத்தபின் மீண்டும் பரப்பி உலர்த்துதல் களத்தின் முறை. அம்முறை தப்பி ஒரேயடியாகக் காய்ச்சினால், மேற்புறம் இறுகி உட்புறம் ஈரமாய் நிற்க, அரிசி உள்ளே கீறி, உருளையிற் பட்டவுடன் நொறுங்கும். இரண்டு நாட்களுக்கு முன், "குவித்து மூடப் பொழுதில்லை, வெயில் உள்ளபோதே காய்ச்சி முடியுங்கள்," என்று களத்தாருக்கு ஏவியவர் யார்? யாமே. உருளைகளின் ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றல் வேண்டும் என்று அவ்வியந்திரக்காரர் இருமுறை கூறியதை எழுதிவைத்து, செலவுக்கு அஞ்சித் தள்ளி வந்தவர் யார்? அவ்விடத்தும் யாமே.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குடத்தை உவமையாக வைத்துக் காரணம் மூன்று என்று பன்முறை ஓதியிருந்தோம். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகிற்கு மாயை முதற்காரணம், இறைவனது சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்தகாரணம் என்று வினவினார்க்கு விடையிறுக்கவும் வல்லோமாயிருந்தோம். ஆயினும் ஒரு மூட்டை நொய்யின் முன் அக்கல்வி எமக்குப் பயன்படவில்லை. உலகத் தோற்றத்திற்குக் காரணம் மூன்று கண்ட யாம், உடைந்த அரிசிக்குக் காரணம் ஒன்றே கண்டோம்.

குடம் உண்டாதற்கு மூன்று காரணம் வேண்டுமாயின், குடம் ஊனப்படுதற்கும் அம்மூன்றிடத்தும் காரணம் தேடல் வேண்டும். மண்ணிற் கல் கலந்திருக்கலாம், சக்கரம் ஆடலாம், குயவன் கருத்திழந்திருக்கலாம். நூற்பாலையில் நூல் அடிக்கடி அறுகின்றதெனின், பஞ்சு தாழ்ந்ததோ, காற்றின் ஈரம் குறைந்ததோ, கதிர் பழுதோ, நூற்பவர் கை சோர்ந்ததோ என்று முறையே காணல் வேண்டும். அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு திங்கள் தேங்கிற்றெனின், விண்ணப்பமே குறைபட்டு வந்ததோ, ஒரே மேசைக்கு மூவர் வேலை குவிக்கப்பட்டதோ, எழுத்தர் மடிந்திருந்தாரோ என்று காணல் வேண்டும். இம்மூன்றனுள் மூன்றாவதை மட்டும் வினவுவோர் காரணம் ஆராய்ந்தாரல்லர். ஆள் தேடினார் என்பதே உண்மை.

அற்றேல், மூன்று காரணங்களுள்ளும் தலைமையானது நிமித்தகாரணம் அன்றோ? மண்ணும் சக்கரமும் அறிவில் பொருள்கள்; அறிவுடைய குயவனையே கேட்டல் முறையன்றோ எனின், இவ்வினா நுணுகி ஆராயத்தக்கது. நிமித்தகாரணன் என்னும் பெயர் தன்வயமுடையானுக்கே முற்றும் பொருந்தும். தானே மண் எடுத்து, தானே சக்கரம் தேர்ந்து, தானே பொழுது குறித்து வனைகின்ற குயவன் குடத்தின் ஊனத்திற்குப் பொறுப்புடையான். ஆலைத் தொழிலாளியோ, நெல்லைத் தேர்ந்தவன் அல்லன். உருளையை வாங்கியவன் அல்லன். பொழுதைக் குறித்தவனும் அல்லன். அவன்பாலுள்ள தன்வயம் எத்துணையோ அத்துணையே அவன் நிமித்தகாரணன். எஞ்சிய தன்வயம் யாரிடம் உள்ளது? தேர்ந்தவரிடம், வாங்கியவரிடம், குறித்தவரிடம். ஆகவே, நிமித்தகாரணத்தையே தேடுவேன் என்று ஒருவர் நேர்மையாகப் புறப்பட்டால், அவ்வழி பெரும்பான்மையும் அவர் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கே திரும்பி வரும்.

மேலாளர் பலர் அவ்வழியிற் செல்லாமைக்குக் காரணமும் இதுவே. மண்ணை வைதால் மண் நாணாது. சக்கரத்தை அடித்தால் சக்கரம் அழாது. மனிதனுக்கோ நாணுதற்கு ஒரு முகம் இருக்கின்றது. அவன் நாணக் காணும்போது நம் சினத்திற்கு ஓர் இரை கிடைக்கின்றது. நம் பிழையும் அவன் நிழலில் மறைகின்றது. பொருளை மறைத்தலோடு தன்னையும் காட்டாது நிற்றல் ஆணவத்தின் இயல்பென்று கற்றிருக்கின்றோம். இருள் பிறபொருளை மறைக்கும். இருளாகிய தன்னைக் காட்டும். ஆணவம் தானும் தோன்றாது நின்று, நேர்மை என்னும் வேடத்திற் பேசும். "ஒழுங்கு கெடலாகாது", "கண்டிப்பு இல்லாவிடின் ஒருவரும் வேலை செய்யார்" என்று அன்று எம் வாயிலிருந்து வந்த சொற்களுள் எப்பகுதி ஒழுங்கின்பாற்பட்டது, எப்பகுதி மலத்தின்பாற்பட்டது என்று இன்றும் எம்மாற் பிரித்துக் கூற முடியவில்லை.

இனி, வாதவூரர் வரலாற்றின் ஒரு பகுதியை நோக்குவோம். அரிமர்த்தன பாண்டியனுக்கு அமைச்சராயிருந்த அவர், குதிரை வாங்கச் சென்றவிடத்துத் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டு, கொண்டு சென்ற பொருளை இறைபணிக்குச் செலவிட்டார். நரிகள் பரிகளாகி வந்து மீண்டும் நரிகளாயின. அரசன் அவரை வையை மணலில் வெயிலில் நிறுத்தி ஒறுத்தான், வையை பெருகிற்று, கரை உடைந்தது. கரையைக் குடிகட்குப் பங்கிட்டு அடைக்க ஆணை பிறந்தது. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியவட்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டே கூலியாகக் கொண்டு பெருமானே கூலியாளாய் வந்து, பிட்டை உண்டு, ஆடிப் பாடி, உறங்கிக் கிடந்தான். பங்கு அடைபடவில்லை. காவலர் அரசனிடம் முறையிட, அவன் பொற்பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன்மீதும் எல்லா உயிர்கள்மீதும் பட்டது. பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் 61ஆம் படலமாக வைத்து ஓதியது இதனை.

எங்குமாய் நிற்கும் இறைவன்மேற் பட்ட அடி எங்கும் பட்டது என்று இதற்குப் பொருள் கூறுவர், அது தக்கதே. ஆயினும் இவ்வரலாற்றில் வேறொன்றும் உளது. அரசன் அடித்தது கரை அடைபடாமைக்காக. கரை ஏன் உடைந்தது? வெள்ளத்தால். வெள்ளம் ஏன் வந்தது? வாதவூரரை அவன் ஒறுத்தமையால். பொருளுக்குக் கணக்குக் கேட்டது குற்றமன்று. அது காவலன் கடமை. கணக்கின் உண்மை விளங்குமுன் சுடுமணலில் நிறுத்தியதே வெள்ளத்திற்குக் காரணம். அங்ஙனமாயின், உடைப்பின் காரணம் பிரம்பைப் பிடித்த கையிலேயே இருந்தது. தன்னாற் பிறந்த வெள்ளத்தை மண்ணாற் சுமக்க வந்தவன் முதுகில், அவ்வெள்ளத்திற்குரிய தண்டத்தை அரசன் இட்டான். எம் ஆலையில் அன்று நிகழ்ந்ததும் இதுவே. வாதவூர் மேலூருக்கு அணித்தே உள்ளதென முன்னர்க் கூறியது ஊரின் அண்மையை மட்டும் கருதியன்று.

காவலர் கூறிய முறையீடு பொய்யன்றே, கூலியாள் உண்மையில் வேலை செய்யாது உறங்கினானே எனின், ஆம், செய்தி மெய். எனினும், மெய்யான செய்தியிலிருந்து பொய்யான காரணம் பிறத்தல் கூடும் என்பதே ஈண்டு அறியத்தக்கது. ஒரு பங்கு அடைபடாது கிடந்தது என்பது செய்தி. அதனை அடைக்க வேண்டியவள் ஆளற்ற மூதாட்டி. பங்கிட்டவர் தலைகளை எண்ணினாரேயன்றித் தோள்களை எண்ணவில்லை என்பது காரணத்தின் ஒரு கூறு. காவலருள் ஒருவரேனும், "இப்பங்கு யாருடையது? அவளால் இயலுமா?" என்று வினவினாரல்லர். இன்றும் எண்ணிக்கையால் வேலை பங்கிட்டு, ஆற்றலை நோக்காது, குறைந்த இடத்திற் பிரம்பை நீட்டும் நிலையங்கள் பலவாம்.

அற்றாயின், தண்டமே கூடாதோ? பிழை செய்தாரையெல்லாம் காரணங் கூறி விடுத்தால் ஆலை நடப்பதெங்ஙனம் எனின், கூறுதும். இறைவனது கருணை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படும் என்பது நம் நூற்றுணிபு. தாய் கசப்பு மருந்து புகட்டுவதும், மருத்துவர் கட்டியை அறுப்பதும் போல, துன்பம் தரும் அருளும் உண்டு. களவும், பிறர் உயிர்க்கு இடராகும் கவனக் கேடும், பெண் தொழிலாளரை இழிவு செய்தலும் கண்டும் காணாதிருத்தல் கருணையன்று, அது கோழைமை. ஆயினும் மருத்துவர் கத்திக்கும் கள்வர் கத்திக்கும் வேற்றுமை உண்டு. மருத்துவர் நோயை நாடிய பின்னரே அறுப்பார், நோயளவே அறுப்பார், அறுத்தபின் புண்ணைக் கட்டி, ஆறுமளவும் வந்து காண்பார். ஆராய்ச்சி, அளவு, பின்னோக்கு என்னும் இம்மூன்றும் இல்லாத தண்டத்திற்கு மறக்கருணை என்று பெயரிடுதல், மலத்திற்கு அருளின் பெயரை இட்டு அழைத்தலாம்.

மற்றொரு தடையும் உண்டு. "லாரி வாயிலில் நிற்கிறது, அந்நேரத்தில் மூவகைக் காரணம் ஆராய்வார் யார்?" என்பர். நெருக்கடியில் முதற்கண் செய்வது உடைப்பை அடைத்தல். இயந்திரத்தை நிறுத்துக, நொய்யைப் பிரித்தெடுக்க, கொள்வோர்க்கு உண்மை கூறுக. இவற்றிற்குத் தீர்ப்பு வேண்டுவதில்லை. யாரைப் பழிப்பது என்னும் வினா அன்றே விடை பெறவேண்டிய தேவை எதுவும் இல்லை. செயலுக்கு விரைவும், தீர்ப்புக்குத் தாழ்வும் தக்கன. யாம் அன்று செய்ததோ இதன் மறுதலை. தீர்ப்பை ஒரு நொடியிற் கூறினோம். உருளையை மாற்றப் பின்னும் ஒரு வாரம் தாழ்த்தோம்.

வினைக்கொள்கையைப் பிழைபடக் கொண்டு, "அவன் வினை அவனை அங்கே நிறுத்திற்று, யாம் என்செய்வோம்" என்பாரும் சைவருள் உளர். இது பெருந்தவறு. ஓர் உயிர் நுகரும் துன்பம் அதன் பிராரத்தமாகலாம். அதனை அறிந்து ஊட்டுவான் இறைவன். அத்துன்பத்தைச் சினத்தாற் செய்யும் நமக்கோ அச்செயல் புதிய ஆகாமியம் ஆகின்றது. பிறர் வினையை ஊட்டும் பணியை நமக்கு ஒருவரும் ஒப்புவிக்கவில்லை. மேலாளரும் பசு, தொழிலாளரும் பசு. நாற்காலியின் உயரம் ஒருவரையும் பதியாக்காது. இதனை மறத்தலே தலைமைக்குரிய பெரு மயக்கம்.

சிறு குறைகள் கேட்பாரின்றித் தங்கினால் யாதாகும் என்பதற்கு நம் நாட்டு வரலாறு சான்று பகரும். 1908ஆம் ஆண்டு பெப்ருவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர் வேண்டியன கூலி உயர்வும் வார ஓய்வும் போன்றன. மார்ச்சு முற்பகுதியில் ஆலையார் இணங்க அது முடிவுற்றது. அவர்க்குத் துணைநின்ற வ. உ. சிதம்பரனார், பிற்காலத்தில், 1935ஆம் ஆண்டில், சிவஞானபோதத்திற்கு உரை வெளியிட்டவர் என்பதை நம் அன்பர் மறத்தலாகாது. சென்னையில் 1918ஆம் ஆண்டு ஏப்பிரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றியபோது, தொழிலாளர் முதலிற் பேசிய குறைகளுள் ஒன்று நண்பகலில் உண்ணப் போதிய பொழுதின்மை. அச்சங்கம் எழ உழைத்தோருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார், அவரும் சைவ நூல்களில் தோய்ந்தவர். சோறு உண்ணச் சில நிமிடம் என்பது எவ்வளவு சிறிய வேண்டுகோள்! மேற்பார்வையாளர் ஒருவர் உடனிருந்து உண்டு பார்த்திருப்பின், அதற்கொரு சங்கம் வேண்டியிராது.

சட்டமும் இவ்வழியே வந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிலையங்களில் இருசாராரும் அமரும் பணிக்குழுவிற்கு வழிசெய்தது. 2020ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், இருபது பேரோ அதற்கு மேலோ உள்ளவிடத்துக் குறைதீர்க்கும் குழு அமைத்தல் வேண்டும், அதில் இருசாராரும் ஒத்த எண்ணிக்கையினராதல் வேண்டும், முப்பது நாட்களுள் குறையை ஆராய்ந்து முடித்தல் வேண்டும் என்று வகுத்தது. இவை நல்லன. எனினும் சட்டம் இருவரை ஒரு மேசையில் அமர்த்தவல்லது. ஒருவர் கூறுவதை மற்றவர் செவியில் ஏற்ற வல்லதன்று. இருபதின்மர்க்குக் குறைந்த சிற்றாலைகளும் கடைகளும் நாட்டில் எண்ணிறந்தன. ஆண்டுக் குழுவினும் உள்ளக்கோயிலே வழக்கு மன்றம்.

அவ்வுள்ளம் எங்ஙனம் அமைதல் வேண்டும்? இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் அத்துவித நிலையை நம் ஆசிரியர் அறிவுறுத்தினர். மேலாளர் இறைவர் அல்லர் என்று இப்பொழுதே கூறினோம். ஆயினும் அடியார்க்கு இறைவன் நிற்கும் நிலையைத் தம்மளவிற் பயிலுதல் தடையின்று. காலந் தாழ்த்து வந்த பெண் ஒருத்தியைக் காணும்போது அவளோடு ஒன்றாதல் வேண்டும்: சிற்றூரில் முதற் பேருந்து வாராத காலைப்பொழுதை, பள்ளிக்குப் புறப்படும் குழந்தையை, தம் வீட்டில் நிகழ்ந்ததாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். இருவர் பிணங்கி வரும்போது வேறாதல் வேண்டும்: உறவு, ஊர், சாதி, தம்மைப் புகழ்ந்த நா என்னும் இவற்றுள் ஒன்றும் தம்மைப் பற்றாது, இருவர் சொல்லையும் இருவர் முன்னிலையிற் கேட்டல் வேண்டும். வேலை மிக்க நாளில் உடனாதல் வேண்டும்: அறையினின்று ஏவாது, களத்தில் வெயிலிற் சென்று நிற்றல் வேண்டும். ஒன்றாதல் மட்டும் உடையார் தண்டிக்க வேண்டியவிடத்தும் தண்டியார். வேறாதல் மட்டும் உடையார் கல்லாவர். உடனாதல் மட்டும் உடையார் வேலையைத் தாமே இழுத்துக்கொண்டு பிறரை வளரவிடார். மூன்றும் கூடியவிடத்தே தலைமை பழுதற நிற்கும்.

இதனைக் கூறும் எம் தகுதி யாது என்று கேட்பின், தகுதி இல்லை, தவறு உண்டு. களத்து முதியவள் காட்டிய மறுநாள், அவ்வியந்திரக்காரரைத் தனியறைக்கு அழைத்துப் பிடித்த கூலியைக் கொடுத்தோம், வருத்தமும் கூறினோம். அவர் வாங்கிக்கொண்டு, ஒன்றும் கூறாது சென்றார். அவர் முகம் தெளியவில்லை. ஏன் என்று சில நாள் விளங்கவில்லை. பின்னரே தோன்றிற்று: வைதது மன்றத்தில், வருந்தியது மூலையில். பழியைப் பலர் அறியச் செய்து, பழி நீக்கத்தை இருவர் மட்டும் அறியச் செய்தலும் ஆணவத்தின் கணக்கே. அடுத்த கூலி நாளில் அனைவரும் கூடியிருந்தபோது, நொய் விழுந்தது எம் ஏவலால் என்றும், உருளை மாற்றாதது எம் தாழ்வு என்றும் உரக்கக் கூறினோம். நா எளிதில் எழவில்லை. ஒரு மூட்டை நெல்லைத் தலையில் ஏற்றியதினும் அது கனமாயிருந்தது. அவர் அப்பொழுதும் ஒன்றும் கூறவில்லை. ஆயினும் மறுநாட் காலை தாமே எம் அறைக்கு வந்து, "ஐயா, வார் தளர்ந்திருக்கிறது, இன்று மாற்றிவிட்டால் நாளைக்கு நொய் விழாது," என்றார். பிழை நேருமுன் செய்தி வந்து சேர்ந்தது அன்றே முதன்முறை. பிரம்புக்கு அஞ்சினார் பிழையை மறைப்பர். காரணம் வினவுவார்க்கே பிழை தன்னை முன்கூட்டி அறிவிக்கும்.

ஆவணி மூலத்தை ஒட்டி மதுரையிற் பிட்டுத் திருவிழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. வைகையின் கரையில் மண் சுமந்த பெருமானைக் காண மேலூர்ப் பக்கத்தினின்றும் மக்கள் திரளாகச் செல்வர். அவருள் ஆட்களை ஏவும் தொழிலுடையார் பலர் இருப்பர். அவர் பெருமானை வணங்கி, பிட்டுப் பெற்று, மறுநாட் காலை தத்தம் ஆலைக்கும் அலுவலகத்திற்கும் கடைக்கும் மீள்வர். அங்கே ஒருவர் குறைவேலையோடு அவர்முன் வந்து நிற்பார். அப்பொழுது கை பிரம்பை நாடுமுன், "இவ்வெள்ளம் எங்கிருந்து வந்தது?" என்னும் ஒரு வினா அவருள்ளத்து எழுமாயின், அவர் கண்ட திருவிழா மெய்யாகக் கண்டதாகும். அவ்வினா எமக்கும் அவர்க்கும் தவறாது எழத் திருவருள் முன்னிற்பதாக.